பாரி தாமஸும் பாப்ஸ் என்னும் ஊர்தியும்

உலகத்தார் புதியன படைப்போரைப் பெரிதும் போற்றுவர். பழுதுற்றதனைச் செப்பஞ்செய்து மீண்டும் வாழ்விப்போரை அத்துணைப் போற்றுவதில்லை. புதிய மாளிகை எடுப்பித்தவன் பெயர் கல்லில் வெட்டப்படும். இடிந்த சுவரைத் தூக்கி நிறுத்தியவன் பெயரை எவரும் வினவார். ஆயினும், பிறர் பயனற்றதெனக் கைவிட்ட பொருளொன்றன் முன்னின்று, இதன்கண் இன்னும் ஆற்றல் உண்டெனக் காணவல்ல கண், புதியது புனையும் அறிவினும் அரிதென்பது எம் கருத்து. அத்தகைய கண் வாய்க்கப்பெற்று, அதனாலே புகழெய்தி, அதனாலே உயிரும் இழந்த பொறிவல்லார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். வேல்ஸ் நாட்டிற் பிறந்த ஜான் காட்பிரே பாரி தாமஸ் என்பாரே அவர்.

தமிழ் பயிலும் யாம் மோட்டார் வண்டியின் வரலாற்றில் தலையிடுவதென்னையென நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவர், விடுதியில் இரவுணவு முடிந்த பின்னர், இக்கதையை எமக்குக் கூறினார். அவர் எஞ்சினின் ஆற்றலையே வியந்து பேசினார். எம் உள்ளமோ அவ்வெஞ்சினை விலைகொடுத்து வாங்கிய மனிதரையே சுற்றி நின்றது. அன்றுதொட்டுக் கிடைத்தவற்றைப் படித்து, மெய்யெனத் தெளிந்தவற்றை மட்டும் தொகுத்து அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

பிறப்பும் கல்வியும்

தாமஸ் 1885-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் வடகீழ்ப் பகுதியிலுள்ள ரெக்ஸம் என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த குருவானவர். மகனார் சிறுவராயிருக்கையிலேயே குடும்பத்தார் எல்லைக்கு அப்பாலுள்ள ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். 1407-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அவ்வூர்ப் பழம்பள்ளியிலேயே தாமஸ் கல்வி பயின்றார். பின்னர் இலண்டன் மாநகரடைந்து, ஆங்குச் சிட்டி அண்டு கில்ட்ஸ் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து பொறித்தொழில் கற்றுத் தேர்ந்தார்.

குருமனையில் வளர்ந்த சிறுவர் இயந்திரங்களின்பால் மனஞ் செலுத்தியது வியப்பன்று. அவர் பிறந்த 1885-ஆம் ஆண்டே ஜெர்மனி தேசத்தில் கார்ல் பென்ஸ் என்பார் தம் முதல் மோட்டார் வண்டியைக் கட்டிய ஆண்டாகும். தாமஸும் மோட்டார் வண்டியும் ஒத்த வயதினர். இருவரும் உடன் வளர்ந்தனர் எனலாம். பென்ஸ் என்னும் இப்பெயரை அன்பர்கள் மனத்திற் கொள்க. இவ்வரலாற்றில் இஃது இன்னும் ஒருமுறை வரும்.

லேலண்டுத் தொழிற்சாலையில்

கல்வி முடித்த தாமஸ் பொறிகளிற் புதியன கண்டு, உரிமைப் பத்திரங்கள் பலவும் பெற்றார். இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் நாட்டில், பாரவண்டிகள் செய்து பெயர் பெற்றிருந்தது லேலண்டு என்னும் தொழிற்சாலை. நாளடைவில் தாமஸ் அதன் தலைமைப் பொறியாளர் ஆயினார். முதல் உலகப்போர் முடிவுற்றதும், பிரிட்டனில் ஓடும் வண்டிகள் அனைத்தினுஞ் சிறந்த வண்டி ஒன்றைச் செய்தல் வேண்டுமென முதலாளிகள் விழைந்தனர். அப்பணி தாமஸிடம் ஒப்படைக்கப்பட்டது. ரீட் ரெயில்டன் என்னும் இளைஞர் அவருக்குத் துணைவராய் அமைந்தார்.

1920-ஆம் ஆண்டில், இலண்டன் ஒலிம்பியா மண்டபத்து மோட்டார்க் கண்காட்சியில், லேலண்டு எட்டு என்னும் அவ்வண்டி காட்சிக்கு வந்தது. எட்டுச் சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நின்றன. எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டர். அடைப்பான்களை மூடுதற்குப் பிறர் சுருள்வில்லை அமைக்க, தாமஸ் தகட்டுவில்லை அமைத்தார். பார்த்தார் அனைவரும் வியந்தனர். ஆயின் வாங்குவார் மிகச் சிலரே. அதன் விலை அத்துணை உயர்ந்தது. இருபதுக்குங் குறைந்த வண்டிகளே செய்யப்பெற்றன. அவற்றுள் ஒன்று அயர்லாந்துத் தலைவர் மைக்கல் காலின்ஸ் 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வழிமறித்துச் சுடப்பெற்று இறந்த அன்று ஊர்ந்து சென்ற வண்டியாகும்.

நட்டங் கண்ட தொழிற்சாலையார் சின்னாளில் அவ்வண்டி செய்தலை விடுத்தனர். தம் அறிவனைத்தையுங் கொட்டிச் சமைத்த பொருள் விலைபோகாது நின்றதனைத் தாமஸ் கண்ணெதிரே கண்டார். கைவிடப்பட்ட பொருளின் நிலையை அவர் பிறர்பால் உணருமுன்னர்த் தம்பால் உணர்ந்தார் என்பதனை ஈண்டு நினைத்தல் தகும். அவர் மனம் முறிந்தாரல்லர். லேலண்டை விட்டு நீங்கி, தாம் வகுத்த வண்டியையே பந்தயத்துக்குரியதாய்த் திருத்தி, லேலண்டு-தாமஸ் எனப் பெயரிட்டு, ஓட்டப் புகுந்தார். நாற்பதை அணுகும் வயதில், மேசைமுன் அமர்ந்து படம் வரைந்தவர், இருக்கையேறித் திருகுசக்கரம் பற்றிய வரலாறு இதுவேயாம்.

புரூக்லண்ட்ஸ் வாழ்க்கை

இலண்டனுக்குத் தென்மேற்கே, ஸர்ரே நாட்டில், 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயச் சாலை இருந்தது. மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே சீமைக் காரையிட்டுச் சமைத்த, ஏறத்தாழ இரண்டே முக்கால் மைல் சுற்றுள்ள சாலை அது. திருப்பங்களில் வண்டி வெளியே வீசப்படாவண்ணம் சாலை ஒருபுறம் சுவர்போல் உயர்ந்து சாய்ந்திருக்கும். தாமஸ் அச்சாலையின் வளையத்துக்குள்ளேயே ஒரு சிறு வீட்டில் உறைந்தார். துறவியின் குடில் எனப் பொருள்படும் பெயர் அவ்வீட்டுக்கு அமைந்திருந்தது. அவர் மணஞ் செய்துகொண்டாரல்லர். வளர்ப்பு நாய்களே அவர்க்குச் சுற்றம். சொல் மிகாதவர், கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர், பலநிறக் கோலங்களோடு பின்னிய கம்பளிச் சட்டையணிந்து பந்தயத்தில் தோன்றுபவர். இவ்வுடையாலேயே அவரைத் தொலைவினின்றும் மக்கள் இனங்கண்டனர்.

அங்கே மேஜர் தாம்ஸன் என்பாருடன் சேர்ந்து ஒரு சிறு தொழிற்கூடம் நிறுவினார். ரெயில்டனும் வந்து சேர்ந்தார். நாள்தோறும் எஞ்சினைப் பிரித்தலும், குறை கண்டு திருத்தலும், சாலையில் ஓட்டிப் பார்த்தலுமே அவர்தம் தொழில். 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்னும் வீரருடன் தாமஸ் தனிப்போட்டி ஓடி வென்றார். எல்ட்ரிட்ஜ் ஓட்டிய வண்டியும் இக்கட்டுரைக்கு இயைபுடையதே. 1922-ஆம் ஆண்டில் பந்தயத்தினிடையே எஞ்சின் வெடித்துச் சிதறிய பழைய பியட் வண்டி ஒன்றை அவர் வாங்கி, சட்டத்தை நீட்டி, ஆகாயவிமான எஞ்சினைப் பொருத்தி உயிர்ப்பித்திருந்தார். அவ்வண்டிகொண்டு 1924-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஆர்பழோன் சாலையில் மணிக்கு 146 மைல் ஓடி, நிலவுலகில் விரைவிற் சிறந்தவர் என்னும் பெயரையும் எய்தியிருந்தார். பழுதான வண்டியை வாங்கி உலகை வெல்லலாம் என்பதற்கு இவ்வாறு ஒரு சான்று தாமஸின் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பொரோவ்ஸ்கிப் பிரபுவின் ஊர்தி

அக்காலத்தில் கான்டர்பரி நகரை அடுத்த ஹைஹம் என்னும் மாளிகையில் லூயி ஸ்பொரோவ்ஸ்கிப் பிரபு என்னும் இளஞ்செல்வர் வாழ்ந்தார். அவர் தந்தையார் 1903-ஆம் ஆண்டில் மலைச்சாலைப் பந்தயம் ஒன்றில் உயிரிழந்தவர். தந்தையைக் கொன்ற விளையாட்டே மைந்தருக்கும் உயிராயிற்று. இளமையிலேயே பெருஞ்செல்வம் கைவந்தமையால், தம் மாளிகையிலேயே தொழிற்கூடம் அமைத்து, போரில் எஞ்சிய ஆகாயவிமான எஞ்சின்களைப் பழைய சட்டங்களில் ஏற்றிப் பேருருவ வண்டிகளைச் சமைத்தார். சிட்டி பாங் பாங் எனப்பட்ட அவர் வண்டிகளின் பெயரே பிற்காலத்தில், 1964-ஆம் ஆண்டில், இயான் பிளெமிங் எழுதிய குழந்தைக் கதைக்கும் ஏறியது.

பிரபு இறுதியாகச் சமைத்தது ஹைஹம் ஸ்பெஷல் என்பது. அதில் ஏற்றிய எஞ்சின் அமெரிக்க தேசத்து லிபர்ட்டி எஞ்சின். 1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா போரிற் புகுந்தபோது, பொறியாளர் இருவர் வாஷிங்டன் நகர விடுதி ஒன்றில் அமர்ந்து, சில நாட்களிலேயே வரைந்து முடித்த எஞ்சின் அது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பெற்றன. அடுத்த ஆண்டே போர் நின்றது. அவற்றுள் மிகப்பல பயனற்றுக் கிடந்தன. பன்னிரண்டு சிலிண்டர்கள் இரு வரிசையாய்ச் சாய்ந்து நிற்கும் அவ்வெஞ்சினின் கொள்ளளவு 27 லிட்டர். ஆற்றல் 400 குதிரைத் திறனுக்கு மேற்பட்டது. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்களின் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றேகால் லிட்டர் அளவினதே. லிபர்ட்டியின் ஒரு சிலிண்டர் மட்டுமே அத்தகைய எஞ்சின் முழுதினும் பெரிதென்றால், அதன் பேருருவை ஒருவாறு உணரலாம்.

இப்பேராற்றலைப் பின்சக்கரங்கட்குக் கொண்டுசெல்ல, போருக்கு முற்பட்ட பென்ஸ் பந்தய வண்டி ஒன்றன் பற்சக்கரப் பெட்டியையும் சங்கிலிகளையும் பிரபு அமைத்தார். அஞ்ஞான்று ஏனைய வண்டிகள் சங்கிலியை விடுத்துச் சுழல்தண்டுக்கு மாறியிருந்தன. இவ்வண்டியிலோ, மிதிவண்டியிற் போன்றே, எனினும் அதனினும் மிகப் பெரியனவாய், இருபுறத்தும் இரு சங்கிலிகள் ஓடின.

ஊர்தி முழுமை எய்துமுன் பிரபுவின் வாழ்நாள் முடிந்தது. 1924-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19-ஆம் நாள், இத்தாலி தேசத்து மோன்ஸாப் பந்தயத்தில் வேறொரு வண்டியை ஓட்டுகையில் அவர் மரத்தில் மோதி இறந்தார். வயது 29. தந்தையும் மைந்தரும் பந்தயத்திற்கே பலியாகிய வீட்டில், அப்பெரும் பொறி தலைவனின்றித் தனித்து நின்றது.

நூற்றிருபத்தைந்து பவுன்

அதனைத் தாமஸ் 125 பவுன் விலைக்கு வாங்கினார். தாம் வகுத்த லேலண்டு எட்டு வண்டியை வாங்க ஒரு செல்வர் கொடுக்கவேண்டிய தொகையில் இஃது ஒரு சிறு பகுதியே. உலகத்தின் மிகப்பெரிய எஞ்சின்களுள் ஒன்றைத் தாங்கிய வண்டி இத்துணை மலிவாய்க் கைமாறியதேன்? அதனை வாங்கி என் செய்வதென எவருக்கும் தெரியாமையே காரணமாம். ஊர்ச் சாலையில் ஓட்ட அஃது உதவாது. வளைந்த பந்தயச் சாலைக்கு மிகப் பெரிது. பாதி முடிந்த நிலையில் நின்றது. அதன் சங்கிலிகளோ பழங்காலத்தன. பிறர் இக்குறைகளையே கண்டனர். தாமஸ் அவற்றோடு பிறிதொன்றுங் கண்டார். நேரே ஓடுதற்கு நெடுவெளி ஒன்று கிடைக்குமாயின், உலகில் இதனை முந்தவல்லது இல்லை என்பதே அவர் கண்டது.

பழைய வண்டியை வாங்குவோர்க்கு முதற்கண் எழும் வினா, எதனைக் காத்தல் வேண்டும், எதனை மாற்றல் வேண்டும் என்பதாம். அனைத்தையும் மாற்றின், வாங்கியது வீண். ஒன்றையும் மாற்றாதொழியின், பழுது பழுதாகவே நிற்கும். தாமஸ் லிபர்ட்டி எஞ்சினைக் காத்தார். அதனுள் ஓடும் பிஸ்டன்களைத் தாமே வகுத்துப் புதியன இட்டார். எரிநெய்யையுங் காற்றையுங் கலந்தூட்ட ஜெனித் கார்புரேட்டர்கள் நான்கனைப் பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லுமாறு மேற்கூட்டினைத் திருத்தினார். பென்ஸ் பற்சக்கரப் பெட்டியையும் சங்கிலிகளையும் அவ்வாறே வைத்துக்கொண்டார். பின்னர் அவ்வண்டிக்குப் பாப்ஸ் எனச் செல்லப்பெயரிட்டார். பிரபுவின் மாளிகைப் பெயரைத் தாங்கி நின்ற பொறி, குழந்தையை அழைப்பது போன்ற பெயரைப் பெற்றது.

அவர் செல்வரல்லர், பெருந்தொழிற்சாலை ஒன்றன் துணையும் அவர்க்கில்லை. அவரொடு போட்டியிட்ட ஹென்றி ஸீக்ரேவுக்கு ஸன்பீம் தொழிற்சாலை முழுதும் பின்னின்றது. மால்கம் காம்ப்பெல் தம் பெரும்பொருளைச் செலவிட வல்லவராயிருந்தார். தாமஸ் நம்பியது பிறர் விட்டொழித்ததனையும் தம் கையினையுமே.

பெண்டைன் கடற்கரை

வேல்ஸ் நாட்டின் தென்பால், கார்மார்தன் குடாவின் கரையில், பெண்டைன் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் முன் ஏழு மைல் நீளம் தட்டையான மணற்கரை கிடக்கின்றது. கடல் பின்வாங்கியவுடன் ஈரமணல் இறுகிச் சாலைபோல் ஆகும். சில நாழிகையில் அலை மீண்டும் வந்து மூடும். அவ்விடைவேளையே ஓடுவார்க்குரிய காலம். ஈரம் மிகின் மணல் சக்கரத்தைப் பற்றியிழுக்கும். குறையின் உதிர்ந்து வழுக்கும். ஒரு திசையில் ஓடியது போதாது; மீண்டு எதிர்த்திசையிலும் ஓடி, இரண்டன் சராசரியே சாதனையாய்க் கொள்ளப்படும். காற்று ஒருவர்க்கு மட்டும் துணைசெய்தல் கூடாதென்பதே இவ்விதியின் நோக்கம்.

1925-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள், இக்கரையிலேயே காம்ப்பெல் மணிக்கு 150 மைல் எல்லையைக் கடந்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் தாமஸ் பாப்ஸுடன் வந்தார், வானிலை இடந்தரவில்லை, வெறுங்கையோடு மீண்டார். 1926-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸீக்ரேவ் ஸவுத்போர்ட்டுக் கடற்கரையில் 152.33 மைல் ஓடினார். எட்டு மாதத்தில் உலகம் முன்னேறியது இரண்டு மைலுக்கும் குறைவே. இனி ஒவ்வொரு மைலும் இங்ஙனமே அரிதின் ஈட்டப்படும்போலுமென எவரும் நினைத்திருப்பர்.

ஏப்ரல் மாதம் 27-ஆம் நாள் தாமஸ் மீண்டும் பெண்டைன் மணலில் இறங்கினார். சென்றும் மீண்டும் ஓடிய சராசரி மணிக்கு 169.30 மைல். மறுநாள், 28-ஆம் நாள், 171.02 மைல். தொழிற்சாலைகளும் பெருஞ்செல்வமும் ஈட்டியதனை, 125 பவுனுக்கு வாங்கிய பழவண்டி இரண்டு நாளில் ஏறத்தாழப் பத்தொன்பது மைல் விஞ்சிவிட்டது. வேல்ஸ் நாட்டு மைந்தர் வேல்ஸ் நாட்டு மணலிலேயே இப்பெருமை எய்தினார். கைவிடப்பட்டது கைவிடத்தக்கதன்று என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுமோ?

இறுதி நாள்

வரலாறு இவ்விடத்தே நின்றுவிடின் இதனை இனிய நீதிக்கதையாகக் கூறி முடித்திருப்போம். உண்மை அங்ஙனம் நிற்கவில்லை. 1927-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ஆம் நாள், காம்ப்பெல் புதிதாய்ச் சமைத்த நீலப்பறவை என்னும் வண்டியில், அதே பெண்டைன் கரையில், 174 மைலுக்கு மேல் ஓடித் தாமஸை முந்தினார். ஸீக்ரேவோ ஆயிரங் குதிரைத் திறன் என விளம்பரம் பெற்ற ஸன்பீம் வண்டியுடன், 200 மைலையே குறியாகக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட இருந்தார். தாமஸுக்கு எஞ்சியிருந்த காலம் சில கிழமைகளே. சாதனையை மீட்பதாயின், ஸீக்ரேவ் ஓடுமுன் மீட்டல் வேண்டும்.

அவர் அந்நாளில் குளிர்சுரத்தால் மெலிந்திருந்தார். எனினும் பெண்டைனுக்கு வந்தார். மார்ச்சு மாதம் 3-ஆம் நாள், பாப்ஸை மணலில் இறக்கி ஓட்டினார். பெருவிரைவில் செல்லுகையில் வண்டி நிலைதவறிக் கவிழ்ந்து, உருண்டு, தீப்பற்றிற்று. தலையிற் பட்ட காயத்தால் தாமஸ் அவ்விடத்தே இறந்தார். நாற்பத்திரண்டு வயது நிரம்ப ஒரு திங்களே இருந்தது. நிலத்தில் விரைவுச் சாதனைக்கு முயன்று உயிர் துறந்தோருள் அவரே முதல்வர். அம்மாத இறுதியிலேயே ஸீக்ரேவ் டேட்டோனாக் கரையில் 203 மைலுக்கு மேல் ஓடினார். பாப்ஸ் அன்று வென்றிருப்பினும், அவ்வெற்றி ஒரு மாதமே நின்றிருக்கும்.

அவர் உடல் புரூக்லண்ட்ஸை அடுத்த பைபிளீட் என்னும் ஊரில், மரியன்னை ஆலயத்துக் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பெற்றது. வண்டிக்கும் ஓர் அடக்கம் நிகழ்ந்தது. நண்பர்கள் அதனைப் பழுது பார்க்கவோ விற்கவோ ஒருப்படவில்லை. இருக்கையைக் கிழித்து, அளவுமானிகளை உடைத்து, பெண்டைன் மணல்மேட்டில் பெருங்குழி தோண்டிப் புதைத்தனர். வலப்புறத்துச் சங்கிலி அறுந்து தாமஸைத் தாக்கியதே சாவுக்குக் காரணமெனப் பலரும் கூறினர். மாற்றாது விட்ட பழஞ்சங்கிலியே அவரைக் கொன்றது என்னும் இச்சொல் நாற்பதாண்டுகள் மறுப்பாரின்றி நிலவிற்று.

மணலினின்று மீட்சி

பாப்ஸ் புதைந்த இடம் பின்னர்ப் படைத்துறையின் பயிற்சிக் களத்துள் அடங்கிப்போயிற்று. 42 ஆண்டுகள் கழிந்தன. வடவேல்ஸில் பொறியியல் கற்பித்துவந்த ஓவன் வின் ஓவன் என்னும் ஆசிரியர், அவ்வூர்தியை மீட்டெடுக்க உளங்கொண்டார். படைத்துறையினரின் இசைவு பெற்று, 1969-ஆம் ஆண்டில் குழியைத் தோண்டுவித்தார். கடலுப்பு மேற்கூட்டை அரித்துத் தின்றிருந்தது. சட்டமும் எஞ்சினும் உருக்குலைந்தும் எஞ்சியிருந்தன. அதனைத் தம் ஊருக்குக் கொண்டுசென்று, ஓய்ந்த வேளைகளிலெல்லாம் உழைத்து, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டு, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொணர்ந்தார். பெண்டைனிலுள்ள காட்சிச்சாலையிலும் புரூக்லண்ட்ஸ் காட்சிச்சாலையிலும் மக்கள் அதனைக் கண்டு வந்துள்ளனர்.

இறந்தவருடைய நண்பர் துயரத்தோடு புதைத்ததனை மற்றொருவர் தோண்டுதல் முறையாமோ என்னும் வினா எம் உள்ளத்தும் எழுந்தது. நெடிது நினைந்தோம். தோண்டியதால் விளைந்த பயன் ஒன்று எம் ஐயத்தை அகற்றிற்று. மீட்ட உறுப்புக்களை ஆராய்ந்தபோது, சங்கிலி அறுந்தது விபத்தின் முதற்காரணம் அன்றெனவும், வலப்புறப் பின்சக்கரம் முன்னர்ப் பழுதுற்றிருத்தல் வேண்டுமெனவும் கருத இடமுண்டாயிற்று. நாற்பதாண்டுப் பழி ஐயத்துக்குரியதாயிற்று. தாமஸ் அறியாமையால் ஒரு பழஞ்சங்கிலியை நம்பி மாண்டார் என்னும் சொல்லை இனி எளிதிற் கூறவியலாது. வழக்குரைக்கும் வாயின்றிப் புதைக்கப்பட்ட பொறி, வெளிப்போந்து தன்னைத் திருத்தியவர் சார்பில் சான்று பகர்ந்தது. புதைத்தோரும் அன்பினாற் புதைத்தனர்; தோண்டியவரும் அன்பினாற் றோண்டினார்; ஆயினும் மெய் வெளிப்பட்டது பின்னவர் அன்பினாலேயாம்.

அவர் விட்டுச்சென்றவை

தாமஸின் தொழிற்கூடம் அவரோடு மாயவில்லை. தாம்ஸன் அண்டு டெய்லர் என்னும் பெயரில் புரூக்லண்ட்ஸிலேயே அது தொடர்ந்தது. ரீட் ரெயில்டன் காம்ப்பெலின் பிற்கால நீலப்பறவை வண்டிகளை வகுத்தார். அவர் வகுத்த மற்றொரு வண்டியை ஓட்டி, ஜான் காப் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க உப்புவெளியில் மணிக்கு 394 மைல் என்னும் விரைவை எய்தினார். குருவினிடம் கற்ற மாணாக்கர் குருவின் எல்லையை இருமடங்குக்கு மேல் கடந்தார். இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் ஆசிரியர் ஒருவர்க்கு யாதுளது?

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? துணிந்து ஓடுக என்பதன்று. சுரத்தோடு அன்று மணலில் இறங்காதிருப்பின் தாமஸ் நெடுநாள் வாழ்ந்து இன்னும் பல பொறிகளை வகுத்திருப்பார் என்றே யாம் எண்ணுகின்றோம். பிறர் முந்திவிடுவரென்னும் விரைவு, அவர் வண்டியின் விரைவினும் கொடிதாயிற்று. இக்குறையை மறைத்துப் புகழ்வது அவர்க்குச் சிறப்பாகாது.

கொள்ளத்தக்கது பிறிதொன்று. லேலண்டு எட்டு வாங்குவாரின்றி நின்றது. ஹைஹம் ஸ்பெஷல் தலைவனின்றி நின்றது. பாப்ஸ் மணலுள் மறைந்து கிடந்தது. மூன்று முறையும் உலகம் இதனால் இனிப் பயனில்லை எனத் தீர்ப்பளித்தது. மூன்று முறையும் அத்தீர்ப்புப் பிழைபட்டது. பிழைபடச் செய்தது பொன்னன்று; அருகிற் சென்று, கைகளில் எண்ணெய் படிய, எது கெட்டது எது கெடவில்லை எனப் பொறுமையோடு பகுத்தறிந்த உழைப்பே.

நம் கல்லூரியிலும் உடைந்த ஆய்வுக்கருவிகள் அறைமூலையிற் கிடக்கின்றன. அட்டை கிழிந்த நூல்கள் பேழைகளில் உறங்குகின்றன. ஒரு தேர்வில் தவறியமையால் இனிக் கல்வி வாராதெனத் தம்மைத் தாமே ஒதுக்கிக்கொண்ட தோழரும் நம்மிடையே உளர். அவற்றையும் அவரையும் கடந்து செல்லுமுன் ஒரு கணம் நின்று நோக்குவோமாக. 125 பவுன் விலைபெற்ற பழம்பொறி ஒன்று, உலகிலுள்ள ஊர்திகள் அனைத்தையும் ஒருகாலத்தே முந்தி ஓடியதென்பதை நாம் மறவாதிருப்போமாக.